அறுநூற்று ஆறு

குடிநீர் அலுவலகத்தில் சேர்ந்த பதினேழு வருடத்தில் அவள் தெருவை நிமிர்ந்து பார்த்ததைவிடக் குனிந்து பார்த்ததுதான் அதிகம். எந்த வீட்டு வாசலில் செம்பருத்தி பூத்திருக்கிறது என்று கேட்டால் முழிப்பாள். எந்த வீட்டு மீட்டர் குழியில் நத்தை குடியிருக்கிறது என்று கேட்டால் கதவு எண்ணோடு சொல்வாள். மாதம் ஒருமுறை வந்து தண்ணீர் மீட்டரின் அளவைக் குறித்துக்கொண்டு போகிறவளுக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் மீட்டரக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் எதிர்த்துப் பேசவில்லை.

வேலை என்னவோ எளிய வேலைதான். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி இருக்கும். கொக்கியை மாட்டித் தூக்கினால் முழங்கை ஆழத்தில் ஒரு குழி. காய்ந்த இலையையும் எறும்பையும் ஒதுக்கி, கண்ணாடியைத் துணியால் துடைத்தால் வரிசையாக ஐந்து கறுப்பு எண்கள், அவற்றையடுத்து மூன்று சிவப்பு எண்கள். கறுப்பில் ஒன்று கூடினால் ஆயிரம் லிட்டர் செலவாகியிருக்கிறது என்று அர்த்தம். அதுதான் ஒரு யூனிட். சிவப்பு எண்கள் அதற்குள் அடங்கும் லிட்டர்களைக் காட்டும். அவள் குறித்துக்கொள்வது கறுப்பை மட்டும். எண்களுக்குக் கீழே ஒரு சின்னப் பற்சக்கரம் உண்டு. குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தாலும் அது அசையும்.

கேட்டவர்களுக்கெல்லாம் அவள் சலிக்காமல் சொல்லிக்கொடுப்பாள். "வீட்டுல இருக்குற எல்லாக் குழாயையும் மூடிட்டு வந்து இந்தச் சக்கரத்தைப் பாருங்க. அப்பவும் சுத்துச்சுன்னா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். என்னைத் தேட வேண்டாம், ஒழுகுற இடத்தைத் தேடுங்க."

இப்படி ஊருக்கே பார்க்கக் கற்றுக்கொடுத்தவளுக்கு ஆறு மாதமாக ஒரு பயம் பிடித்திருந்தது. பார்வை சரியில்லை. எட்டு மூன்றாகத் தெரிந்தது, மூன்று எட்டாகத் தெரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் பல் டாக்டர் வீட்டில் எண்பத்து மூன்றை முப்பத்து மூன்று என்று போட்டுவிட்டு, தெருமுனை வரை போனவள் மனசு கேட்காமல் திரும்பி வந்து பார்த்துத் திருத்தினாள். யாருக்கும் தெரியாது. தன் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. வெயில் என்று சொல்லிக்கொண்டாள். மீட்டர் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது என்று சொல்லிக்கொண்டாள். அவளுடைய அம்மாவுக்கு ஐம்பது வயதில் கண் போக ஆரம்பித்து, ஐம்பத்தெட்டில் முழுசாகப் போயிற்று. இவளுக்கு இப்போது நாற்பத்தொன்பது. கண் டாக்டரிடம் போனால் உனக்கும் கண் போகிறது என்ற வார்த்தையை வாயைத் திறந்து சொல்லிவிடுவார்களே என்றுதான் போகாமல் இருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் பஸ் டிரைவர் வீட்டு மீட்டர் அவளைப் படுத்திவைத்தது.

அந்த வீட்டில் மூன்று பேர். டிரைவர், அவர் மனைவி, மனைவியின் அம்மா. மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டால் வீடு மாமியார் ராஜ்யம். அந்த அம்மாள் தண்ணீரைச் சிந்தாதவர் என்று தெருவே சொல்லும். காய்கறி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவார். துணி அலசிய தண்ணீரில் வாசல் கழுவுவார். மாதா மாதம் பதினெட்டு யூனிட், கூடாது, குறையாது.

மீட்டரக்கா மூடியைத் தூக்கினாள், குந்தினாள், துடைத்தாள். எண்கள் தலைகீழாக இருந்தன. தொண்ணூறாயிரத்துத் தொள்ளாயிரம் என்று ஒரு கணம் படித்துவிட்டாள். அப்புறம்தான் தலைகீழ் என்று புரிந்து, எழுந்து குழியின் மறுபக்கம் போய்க் குந்தினாள். எந்தக் குழிக்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அவள் கால்களுக்கே தெரியும். அந்தக் கால்களும் இன்று மறந்துபோயினவா?

சைபர், சைபர், ஆறு, சைபர், ஆறு. அறுநூற்று ஆறு.

கையிலிருந்த கருவியில் எண்ணைத் தட்டினாள். அது கீச்சென்று கத்தியது. முந்தைய அளவைவிடக் குறைவு, உறுதியா என்று கேட்டது. போன மாதம் அறுநூற்றுப் பதினெட்டு. தண்ணீர் மீட்டர் ஏறலாம், ஏறாமல் நிற்கலாம், இறங்குமா? மறுபடி துடைத்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், அகல விரித்துப் பார்த்தாள், கையால் நிழல் கட்டிப் பார்த்தாள். அறுநூற்று ஆறுதான். ஆனால் இரண்டு ஆறுக்கும் நடுவில் இருந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க, அது சைபர்தானா என்பதே சந்தேகமாகிவிட்டது. உறுதி என்று தட்டிவிட்டு, மூடியைப் போட்டுவிட்டு நடந்தாள். அதற்குப் பிறகு பார்த்த முப்பது வீட்டிலும் ஒவ்வோர் எண்ணையும் மூன்று முறை பார்த்தாள். மதியச் சாப்பாட்டை மறந்தே போனாள்.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் கூப்பிட்டார். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"அக்கா, இந்த வீட்டைக் கொஞ்சம் பாருங்க. எப்பவும் பதினெட்டு, பதினெட்டுன்னு போகுது. அறுநூத்திப் பதினெட்டுல பதினெட்டைக் கூட்டுனா அறுநூத்தி முப்பத்தாறு. நீங்க அறுநூத்தி ஆறுன்னு போட்டிருக்கீங்க. நடுவுல இருக்குற மூணு உங்களுக்கு சைபரா தெரிஞ்சிருக்கும்போல."

அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து அந்த சைபரையே பார்த்தாள்.

"இதுக்கெல்லாம் போய் மூஞ்சியைத் தொங்கப்போடாதீங்க. எத்தனை வருஷத்துல ஒரு தடவை! முப்பத்தாறுன்னு நானே மாத்திடுறேன். ஒரு வார்த்தை, சரின்னு சொல்லுங்க."

சரி என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்தது. ஒரு பிசகு, ஒரு திருத்தம், யாரும் இரண்டாம் தடவை யோசிக்கமாட்டார்கள். அந்தச் சொல் அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சரி என்றால், மூன்றை சைபராகப் பார்த்தேன் என்று அவளே கையெழுத்துப் போட்ட மாதிரி. எட்டையும் மூன்றையும் குழப்பிக்கொண்டது வேறு. மறுபடி மறுபடி துடைத்துப் பார்த்தும் மூன்று சைபராகத் தெரிந்தது என்றால் கதை முடிந்தது.

"மாத்தாதீங்க தம்பி. நான் இன்னொரு தடவை போய்ப் பாத்துட்டு வரேன்."

"வேற யாரையாவது அனுப்பட்டுமா? உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

"நான் பாத்த எண்ணு. நானே போறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, போகக் கால் வரவில்லை. அன்று வேறு தெரு, மறுநாள் வேறு தெரு என்று தள்ளிப்போட்டாள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, இனி தள்ள முடியாது என்று டிரைவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

மாமியார் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "என்னம்மா, மூணு நாள் முன்னாடிதானே வந்தே? மாசம் அதுக்குள்ள ஓடிப்போச்சா?"

"ஒரு சின்ன சந்தேகம்மா. உங்க கண்ணு எப்படி?"

"ஊசியில நூல் கோப்பேன். கண்ணாடி போட்டாத்தான். எதுக்குக் கேக்குறே?"

"அப்ப கண்ணாடியை எடுத்துட்டு வாங்க. ஒரு எண்ணு படிச்சுச் சொல்லணும்."

மாமியாருக்கு இது புது வேலை. உற்சாகமாகக் கீரைத் தட்டை ஒதுக்கிவிட்டு, கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்து மாட்டிக்கொண்டு குழிக்கு எதிர்ப்பக்கம் வந்து குந்தினார். மீட்டரக்கா மூடியைத் தூக்கி மீட்டர் கண்ணாடியைத் துடைத்தாள். தான் பார்க்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கறுப்பா இருக்குறதை மட்டும் படிங்கம்மா."

"சைபர், சைபர், ஆறு..." மாமியார் மூச்சு வாங்கினார். "சைபர், நாலு."

"நடுவுல சைபரா? மூணு இல்லையே? நல்லாப் பாருங்க."

"சைபருக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாமயா ரெண்டு பிள்ளைங்களைப் படிக்கவெச்சேன்? சைபர்தாம்மா. முட்டை மாதிரி இருக்கு."

மீட்டரக்காவுக்கு உடம்பே லேசாகிப்போனது. சைபர். அவள் பார்த்தது சைபரேதான். ஆனால் அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது. கடைசி எண் நாலு. மூன்று நாளைக்கு முன் அது ஆறு. அவளும் குனிந்து பார்த்தாள். அறுநூற்று நாலு.

"அப்ப நாங்க தண்ணியே செலவு பண்ணலையா?" என்றார் மாமியார், விஷயத்தைக் கேட்டதும். "சிக்கனமா இருக்கேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதுக்காக உங்களுக்கே திருப்பிக் குடுக்குற அளவுக்கா சிக்கனம் பண்ணினேன்?"

மீட்டரக்கா சிரிக்கவில்லை. அவள் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் அவை பழகிய பக்கம் போய்த்தான் முதலில் நின்றன. அங்கிருந்து எண் தலைகீழாகத் தெரிந்ததால் மறுபக்கம் வந்தாள். மூன்று வருடத்துக்கு முன் புதிதாக மாட்டிய நாளிலிருந்து குழியின் கேட்டுப் பக்கம் உட்கார்ந்து அவள் படித்த மீட்டர் இது. கால் மறக்கவில்லை.

"அம்மா, உள்ளே போய் சமையலறைக் குழாயைத் திறந்து விடுங்க. ஒரு நிமிஷம்தான். தண்ணியைக் குடத்துல பிடிச்சுக்குங்க, வீணாக்க வேண்டாம்."

"அதை நீ எனக்குச் சொல்லணுமா?" என்றபடி அவர் உள்ளே போனார்.

மீட்டரக்கா சாலையோரம் என்றும் பாராமல் தரையில் முழங்காலிட்டு, குழிக்குள் முகத்தைக் கிட்டத்தட்ட நுழைத்துவிட்டாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம். பற்சக்கரம் துடித்து எழுந்து சுற்றத் தொடங்கியது. கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது. கடைசிச் சிவப்பு எண் ஏழு, ஆறு, ஐந்து என்று இறங்கியது. அவள் விரலால் மீட்டரின் பித்தளை உடம்பில் அப்பியிருந்த மண்ணைச் சுரண்டினாள். அங்கே வார்ப்பிலேயே ஓர் அம்புக்குறி இருக்கும், தண்ணீர் போகும் திசையைக் காட்டுவதற்கு. வீட்டைக் காட்ட வேண்டிய அம்பு தெருவைக் காட்டிக்கொண்டு இருந்தது.

யாரோ மீட்டரைக் கழற்றி, முன்பின் மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள்.

"குடம் நிரம்பிடுச்சு!" என்று உள்ளேயிருந்து மாமியார் கத்தினார்.

"மூடிடுங்கம்மா!" என்று கத்தியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. குழியைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறாளே என்று சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

யார் கழற்றியது என்று துப்பறிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாமியாரே சொன்னார். "போன மாசம் நீ வந்துட்டுப் போன அஞ்சாம் நாள். மாப்பிள்ளைக்கு லீவு. குழியில தண்ணி தேங்குது, மூட்டுல ஒழுகுது, நானே பாத்துக்கிறேன்னு ஸ்பானரைத் தூக்கிட்டு வந்துட்டாரு. பிளம்பரைக் கூப்பிடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?"

அந்த மாப்பிள்ளை அன்றைக்கு மதிய ஷிப்ட். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பேச்சுச் சத்தம் கேட்டு ஈரக்கையோடு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் மறுத்தார். பிறகு குழியில் எட்டிப்பார்த்தார். பிறகு கையைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு நட்டையும் கழட்டி, துருவைச் சுரண்டி, புது வாஷர் போட்டு மாட்டினேன். ஒழுகல் நின்னுடுச்சு. அதுக்குள்ள அம்பு ஒண்ணு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"இருபது வருஷமா பஸ் ஓட்டுறீங்க, மாப்பிள்ளை," என்றார் மாமியார். "ஒருவழிப் பாதையில எதிர்ப்பக்கமா வண்டியை விட்டுட்டீங்களே!"

"அத்தை, நீங்க சும்மா இருங்க." டிரைவர் முகம் சிவந்துவிட்டது. பிறகு மீட்டரக்காவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, மீட்டரைத் தொடக் கூடாதுன்னு தெரியும். நான் வேணும்னு பண்ணலை. இப்பவே கழட்டிச் சரியா மாட்டிடட்டுமா? யாருக்கும் தெரிய வேண்டாம்."

இது அவள் எதிர்பார்க்காத இடம். அவர் இப்போதே மாற்றிவிட்டால் அவருக்குத் தொல்லை இல்லை. ஆனால் அறுநூற்று ஆறு என்று அவள் போட்டது கண் பிசகு என்றே நின்றுவிடும். எழுதிக் கொடுத்தால் அவள் தப்பித்தாள். இந்த மனிதர் மாட்டிக்கொள்வார். மீட்டரைத் திருப்பி வைத்துத் தண்ணீர் திருடுகிறவர்களும் உலகத்தில் உண்டு. அலுவலகத்தில் அதற்குத் தனிப் படிவமே இருந்தது.

அவள் டிரைவரிடம் ஒரு காகிதமும் பேனாவும் கேட்டாள்.

"வாங்க, கணக்குப் போட்டுப் பாப்போம். உங்க வீட்டுல ஒரு நாளைக்கு அறுநூறு லிட்டர் ஆகும். நான் வந்துட்டுப் போன பிறகு அஞ்சு நாள் மீட்டர் ஒழுங்கா ஓடியிருக்கு. அப்ப மூணு யூனிட் ஏறியிருக்கும். அறுநூத்திப் பதினெட்டு, அறுநூத்தி இருபத்தொண்ணு ஆச்சு. அதுக்கப்புறம் நீங்க திருப்பிட்டீங்க. இருபத்தஞ்சு நாள் இறங்கியிருக்கு. எவ்வளவு?"

"பதினஞ்சு யூனிட்," என்றார் டிரைவர்.

"இருபத்தொண்ணுல பதினஞ்சு போனா?"

"ஆறு." அவர் நிமிர்ந்தார். "அறுநூத்தி ஆறு!"

"ஏறுனது மூணு, இறங்குனது பதினஞ்சு. ரெண்டும் செலவுதான். மொத்தம் பதினெட்டு. நீங்க ஒரு சொட்டுகூட ஒளிக்கலைன்னு உங்க மீட்டரே சொல்லுது. இதை அப்படியே எழுதிக் குடுங்க. ஒழுகுச்சு, சரிபண்ணினேன், திசை தெரியாம மாத்தி மாட்டிட்டேன்னு. நானும் கையெழுத்துப் போடுறேன். நீங்களா இன்னொரு தடவை கை வைக்காதீங்க. எங்க ஆளு வந்து திருப்பி வைப்பாரு."

டிரைவர் எழுதினார். மாமியார் பக்கத்திலிருந்து எழுத்துப்பிழை திருத்தினார்.

மேற்பார்வையாளர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். கணக்கை விரல்விட்டுச் சரிபார்த்தார். "நான் முப்பத்தாறுன்னு மாத்தியிருந்தாலும் பதினெட்டுதான் வந்திருக்கும் பாருங்க," என்றார். "ஆனா அடுத்த மாசம் ஐநூத்திச் சொச்சம் காட்டும்போது ரெண்டு பேரும் முழிச்சிருப்போம். மன்னிச்சுக்குங்க அக்கா. உங்க கண்ணைச் சந்தேகப்பட்டுட்டேன்." திருட்டுப் படிவத்தை அவர் எடுக்கவே இல்லை. மீட்டரைத் திருப்பி வைக்கக் குழாய் பிட்டரை மதியமே அனுப்பினார்.

அவள் போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

ஜெயித்தாயிற்று. வாயை மூடிக்கொண்டு போய் இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மூன்று நாளாக நெஞ்சில் கல்லைச் சுமந்துகொண்டு திரிந்தவளுக்கு, அந்தக் கல் இறங்கியதும் அதன் கனம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. இன்னொரு வீட்டில், இன்னொரு எண்ணுக்காக அதை மறுபடி தூக்க அவளால் முடியாது.

"தம்பி, நீங்க சந்தேகப்பட்டது தப்பில்லை," என்றாள். "இந்த வீட்டுல நான் சரியாத்தான் பாத்தேன். ஆனா ரெண்டு மாசம் முன்னாடி பல் டாக்டர் வீட்டுல தப்பாப் பாத்தேன். திரும்பிப் போய்த் திருத்தினேன். எட்டு எனக்கு எட்டாத் தெரியலை. நாளைக்கு அரை நாள் லீவு வேணும். கண்ணைக் காட்டணும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடமும் சொன்னாள். அவர் ரொட்டிக்கடையில் மாவு பிசைபவர், அதிகம் பேசமாட்டார். "ஆறு மாசமாவா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவரும் லீவு போட்டுவிட்டு அவளோடு கிளம்பினார். போகும் வழியெல்லாம் சாலையைக் கடக்கும்போது அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கண்ணு இன்னும் போகலைங்க," என்றாள். அப்போதும் அவர் விடவில்லை.

கண் டாக்டர் ஒரு பெண்மணி. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார், லென்ஸுகளை மாற்றி மாற்றி மாட்டினார், மோவாயை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி உள்ளே ஒளி அடித்துப் பார்த்தார். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரமாயிற்று.

"எட்டும் மூணும் குழம்புறது வெறும் வெள்ளெழுத்தும்மா. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றது. கண்ணாடி போட்டா சரியாயிடும்."

அவள் கண்களை மூடி மூச்சை விட்டாள்.

"ஆனா இன்னொண்ணு இருக்கு," என்றார் டாக்டர். அவள் கண்ணைத் திறந்தாள். "கண்ணுக்குள்ள ஒரு நீர் ஊறி, வடிஞ்சுக்கிட்டே இருக்கும். உங்களுக்கு அது வடியிறது கொஞ்சம் மெதுவா இருக்கு. அதனால உள்ள அழுத்தம் ஏறியிருக்கு. வீட்டுல யாருக்காவது இருந்துச்சா?"

"எங்கம்மாவுக்கு," என்றாள் அவள். "அம்மாவுக்கு முழுசாப் போயிடுச்சு."

"அம்மா எப்ப டாக்டர்கிட்ட வந்தாங்க?"

யோசித்துப் பார்த்தாள். அம்மா வாசல் நிலையில் இடித்துக்கொள்ளத் தொடங்கி நான்கைந்து வருடம் கழித்து. சொல்லவே இல்லை, அம்மாவும் மறைத்துத்தான் வைத்திருந்தாள். அதை இவள் இதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை.

"இது வலிக்காது, மங்கலாக்காது. ஓரத்துலேருந்து சத்தமில்லாமத் தின்னுக்கிட்டு வரும். போன பார்வை திரும்ப வராது," என்றார் டாக்டர். "உங்களுக்கு இன்னும் எதுவும் போகலை. வெள்ளெழுத்துக்காக வந்தீங்க, இது கண்ணுல பட்டுச்சு. தினம் ராத்திரி படுக்கும்போது ஒரு சொட்டு மருந்து, ரெண்டு கண்ணுலயும். ஒரு நாள் விடக் கூடாது. வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து அளந்து பாக்கணும். அப்படிப் பாத்துக்கிட்டா வேலையிலேருந்து ரிட்டயர் ஆகி, அதுக்கப்புறமும் நிம்மதியா எல்லாத்தையும் பாக்கலாம்."

"அளந்து பாக்குறதுல எனக்குக் கஷ்டம் இல்லைங்க," என்றாள் அவள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்ததில் வார்த்தை குழறியது. வீட்டுக்காரர் எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

கண்ணாடி நாலு நாளில் வந்தது. அதைப் போட்டுக்கொண்டு முதல் தெருவில் முதல் மூடியைத் தூக்கியபோது, எண்களைவிட முதலில் கண்ணில் பட்டது மீட்டரின் விளிம்பில் ஓடிய ஒரு சிவப்பெறும்பு. அதன் கால்கள் தனித்தனியாகத் தெரிந்தன. வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்தை அவளாகவே விட்டுக்கொள்ளப் பழகவில்லை. சொட்டு விழும் நேரம் இமை தானாக மூடிக்கொண்டது. அதனால் வீட்டுக்காரர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். முதல் நாள் முதல் சொட்டு மூக்கில் விழுந்தது, இரண்டாவது காதை நோக்கி ஓடியது.

"கண்ணு எங்கே இருக்குன்னு தெரியுமா, தெரியாதா?" என்றாள், தலையணையில் அண்ணாந்து படுத்தபடி.

"பேசாதே, ஆடுது," என்றார் அவர். நாக்கைக் கடித்துக்கொண்டு, குனிந்து, மூன்றாவது சொட்டைச் சரியாக விட்டார்.